மூணாவது வந்தா துட்டு வரும், லாபம் வருமா? – அண்ணாச்சி கணக்கு

போன இதழ்ல ஒரு வாசகர் ஈச் வே பெட்டுன்னா என்னன்னு கேட்டிருந்தார். ஒரே குதிரை மேல "முதல்ல வரும்"னு ஒரு பந்தயமும் "முன்னால வர்ற சில இடத்துக்குள்ள வந்துரும்"னு இன்னொரு பந்தயமும் சேத்து கட்டுததுதான்னு ரெண்டு வரில பதில் எழுதி முடிச்சிட்டேன். அது பத்தலன்னு இப்ப தெரியுது. அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாம் எடுத்துப் பாத்தா முக்காவாசி இதே கேள்விதான், அதுல ஒண்ணு படிச்சிட்டு ரெண்டு நாள் மனசு சரியில்ல. அதனால வீட்டுக்கடன் வட்டி, பத்திரச் செலவு கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இந்தத் தடவை முழுக்க இதையே எடுத்துக்கிடுதேன்.

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். என் மவன் இங்கிலாந்துல லெஸ்டர்ல நர்ஸா இருக்கான். ஏப்ரல் மாசம் அங்க கிராண்ட் நேஷனல்னு பெரிய குதிரை ரேஸாம், கூட வேலை பாக்குதவங்க எல்லாரும் கட்டுதாங்கன்னு இவனும் அஞ்சு பவுண்டு ஈச் வே போட்டிருக்கான். ஒண்ணுக்கு இருபது விலை. குதிரை நாலாவது வந்துட்டு, 25 பவுண்டு வந்துச்சுப்பான்னு சந்தோசமா சொல்லுதான். ஆனா பேங்க் கணக்குல அஞ்சுக்குப் பதிலா பத்து பவுண்டு போயிருக்கு. அஞ்சை இருபதால பெருக்குனா நூறுல்லா வரணும்? பிள்ளைய ஏமாத்திட்டாங்களோன்னு எனக்கு ராத்திரி தூக்கம் வரல.
– ரிட்டயர்டு தபால்காரர், பெருமாள்புரம்

பதில்: அய்யா, யாரும் ஏமாத்தல, நிம்மதியா தூங்குங்க. நம்ம பக்கம் கோயில் கொடைக்கு மாட்டு வண்டி பந்தயம் விடுவாங்கல்லா, அதை நினைச்சுக்கிடுங்க. முதல் பிரைஸ், ரெண்டாவது பிரைஸ், மூணாவது பிரைஸ்னு இருக்கும். இப்ப உங்களுக்குப் பிடிச்ச வண்டி ஒண்ணு ஓடுது. அந்த வண்டி முதல் பிரைஸ் அடிக்கும்னு ஒருத்தர்ட்ட சொல்லுதீங்க, அதே வண்டி எப்படியும் மூணு பிரைஸுக்குள்ள வந்துரும்னு இன்னொருத்தர்ட்ட சொல்லுதீங்க. ரெண்டும் வேற வேற பேச்சு, வேற வேற பந்தயம். அந்த ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதுனா அதுதான் ஈச் வே. முதல் பாதிக்கு வின், ரெண்டாவது பாதிக்கு பிளேஸ்னு பேரு. அஞ்சு பவுண்டு ஈச் வேன்னா ஒவ்வொரு பாதிக்கும் அஞ்சு, ஆக மொத்தம் பத்து. பேங்க்ல பத்து போனது சரிதான்.

இனி வந்த துட்டுக்கு வருவோம். குதிரை முதல்ல வரல, அதனால வின்னுக்குப் போட்ட அஞ்சு போச்சு, அதை மறந்துருங்க. பிளேஸுக்குப் போட்ட அஞ்சு ஜெயிச்சிருக்கு, ஆனா அதுக்கு முழு விலை கிடையாது, வின் விலைல ஒரு பங்குதான். அவன் கட்டுன இடத்துல அஞ்சுல ஒரு பங்கு குடுத்திருக்காங்க. பழைய எண்சுவடி படிச்சவங்களுக்குச் சொன்னா நாலு மா, ஒரு மாங்கிறது இருபதுல ஒண்ணு, நாலு மா சேந்தா அஞ்சுல ஒண்ணு. இருபதுல அஞ்சுல ஒண்ணுன்னா நாலு. அப்ப பிளேஸ் விலை ஒண்ணுக்கு நாலு. அஞ்சு பவுண்டுக்கு இருபது பவுண்டு லாபம், கட்டுன அஞ்சும் திரும்பி வரும், 25. கணக்கு டக்குனு சரியா வந்துட்டு பாத்தீங்களா. ஆனா மவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க, அவன் சம்பாதிச்சது 25 இல்ல. பத்து போட்டு 25 எடுத்திருக்கான், கைல நின்னது 15.

அதே குதிரை முதல்ல வந்திருந்தா ரெண்டு பாதியும் ஜெயிச்சிருக்கும். வின்னுக்கு 5 பெருக்கல் 20 நூறு, போட்ட அஞ்சு, 105. பிளேஸுக்கு அதே 25. மொத்தம் 130, போட்ட பத்தைக் கழிச்சா லாபம் 120. முதல்ல வந்த குதிரை பிளேஸும் வாங்கிட்டுன்னுதான் அர்த்தம், இதைப் பலபேரு விட்டுட்டு வின்னை மட்டும் கணக்குப் போடுவாங்க.

இன்னொரு சங்கதியும் இதுல இருக்கு. வழக்கமா இந்த மாதிரி 16ம் அதுக்கு மேலயும் குதிரை ஓடுத ஹேண்டிகேப் ரேஸுல (குதிரைக்குக் குதிரை எடையைக் கூட்டிக் குறைச்சு ஓட விடுத ரேஸ், கீழ விவரமா சொல்லுதேன்) நாலு இடத்துக்கு, கால் பங்கு விலை குடுப்பாங்க. கால் பங்குன்னா ஒண்ணுக்கு அஞ்சு, அவனுக்கு 30 பவுண்டு வந்திருக்கும். கிராண்ட் நேஷனல் மாதிரி பெரிய ரேஸுக்கு ஆள் பிடிக்கணும்னு சில கம்பெனி அஞ்சு இடம் ஆறு இடம்னு கூட்டிக் குடுத்துட்டு பங்கை அஞ்சுல ஒண்ணா குறைச்சிருவாங்க. அஞ்சாவதா வந்திருந்தா உங்க மவனுக்கு அந்த கூடுதல் இடம் உபயோகப்பட்டிருக்கும், நாலாவது வந்ததால அஞ்சு பவுண்டு குறைஞ்சதுதான் மிச்சம். இது ஏமாத்து இல்ல, கட்டுறதுக்கு முன்னால அங்கேயே எழுதித்தான் இருக்கும், ஆனா யாரு படிக்கா.

அங்க 18 வயசு ஆனவங்களுக்கு இது சட்டப்படி சரியான காரியம், 1961-ல இருந்து தெருவுல கடை வச்சே நடக்கு. வருஷத்துக்கு ஒருநாள் கூட வேலை பாக்குதவங்களோட சேந்து பத்து பவுண்டு போடுததுல நான் தப்பு சொல்ல மாட்டேன். 1967-ல அந்த ரேஸுல ஒரு வேலிகிட்ட முன்னால போன குதிரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்க, ரொம்ப பின்னால வந்த ஃபொயினாவோன்னு ஒரு குதிரை சந்துல புகுந்து ஜெயிச்சிட்டு, விலை ஒண்ணுக்கு நூறு. அந்த வேலிக்கே இப்ப அது பேருதான். இந்தக் கதையை அறுபது வருஷமா சொல்லிச் சொல்லித்தான் சனங்க ஏப்ரல் மாசம் கட்டுதாங்க, ஒருநாளோட நிக்குதானான்னு மட்டும் பாத்துக்கிடுங்க.

கேள்வி: அண்ணாச்சி, நான் பி.காம் படிக்கேன். எங்க ஸ்டாடிஸ்டிக்ஸ் மேடம் ப்ராபபிலிட்டி பாடத்துக்கு ஈச் வே ரிட்டர்ன் கணக்கை அசைன்மெண்டா குடுத்துட்டாங்க. சில கணக்குல 8/1னு இருக்கு, சிலதுல 9.00னு இருக்கு, குழப்பமா வருது. ஒரே ஃபார்முலாவா சொல்ல முடியுமா?
– கல்லிடைக்குறிச்சி மாணவி

பதில்: முடியும் மகளே. முதல்ல அந்த ரெண்டு எழுத்தும் ஒண்ணுதான்னு புரிஞ்சுக்கோ. 8/1ன்னா ஒரு ரூவா போட்டா எட்டு ரூவா லாபம், போட்ட ஒண்ணு தனியா திரும்பும். 9.00ன்னா அந்த போட்ட ஒண்ணையும் சேத்தே சொல்லுதாங்க, எட்டும் ஒண்ணும் ஒம்போது. அதனால டெசிமல்ல குடுத்தா முதல் வேலையா ஒண்ணைக் கழிச்சிரு. இந்த ஒண்ணைக் கழிக்காம நேரா அஞ்சால வகுத்துருதாங்க, அங்கதான் தொண்ணூறு பேரு மார்க்கை விடுதது.

இனி 10 போடுதேன்னு வச்சுக்கோ, ஈச் வே, ஆக செலவு 20. விலை 8/1, பங்கு அஞ்சுல ஒண்ணு. வின் பாதி: 10 பெருக்கல் 8, கூட்டல் 10, அது 90. பிளேஸ் பாதி: எட்டை அஞ்சால வகு, 1.6. 10 பெருக்கல் 1.6, கூட்டல் 10, அது 26. முதல்ல வந்தா 90ம் 26ம் சேந்து 116, லாபம் 96. ரெண்டாவது மூணாவது வந்தா 26 மட்டும், லாபம் 6. அதுக்கும் கீழ வந்தா 20ம் போச்சு. அவ்வளவுதான் ஃபார்முலா, எப்பவும் கடைசில மொத்தச் செலவைக் கழி, ஒரு பாதிச் செலவை இல்ல.

மேடம் கேக்காட்டாலும் அசைன்மெண்ட்ல நீ இதையும் எழுது, கூடுதலா மார்க் வரும். குதிரை ஜெயிக்கல, ஆனா இடம் பிடிச்சிட்டு, அப்ப கைக்கு நஷ்டம் வராம இருக்கணும்னா விலை எவ்வளவு இருக்கணும்? பிளேஸ் பாதி தன் துட்டையும் கொண்டு வரணும், செத்துப்போன வின் பாதி துட்டையும் சம்பாதிச்சுக் குடுக்கணும், அதாவது பிளேஸ் விலை ஒண்ணுக்கு ஒண்ணாவது வேணும். கால் பங்கு குடுக்குத ரேஸுல 4/1, அஞ்சுல ஒரு பங்கு குடுக்குத ரேஸுல 5/1. இது கோடு. இந்தக் கோட்டுக்கு மேல இருந்தா இடம் பிடிச்சாலே ஏதோ மிஞ்சும், கோட்டு மேலேயே நின்னா போட்டது வரும், கீழ இருந்தா இடம் பிடிச்சும் நஷ்டம்தான்.

கீழ இருந்தா எப்படின்னு ஒரு கணக்கு போட்டே காட்டுதேன், ஏன்னா பெரியவங்களே நம்ப மாட்டேங்காங்க. எல்லாரும் ஜெயிக்கும்னு சொல்லுத குதிரை, விலை 2/1, பங்கு அஞ்சுல ஒண்ணு, 10 ஈச் வே. ரெண்டாவது வந்துட்டு. ரெண்டை அஞ்சால வகுத்தா 0.4. 10 பெருக்கல் 0.4 நாலு, போட்ட பத்து, 14 வருது. போனில பச்சை கலர்ல "14 கிடைத்தது"ன்னு காட்டும், பாக்குதவனுக்கு ஜெயிச்ச மாதிரி இருக்கும். 20 போயி 14 வந்திருக்கு மகளே, 6 நஷ்டம்.

கேள்வி: ஷெஃபீல்டுல படிக்கும்போது ரூம்மேட் சொன்னான்னு எட்டு குதிரை ஓடுத ரேஸா பாத்து ஒருதடவை ஈச் வே போட்டேன், மூணு இடம் உண்டுன்னு. என் குதிரை மூணாவது வந்துச்சு. ஒரு பைசா வரல. கஸ்டமர் கேர்ல கேட்டா ரூல்ஸ்னு சொல்லி முடிச்சிட்டாங்க. இது நியாயமா?
– வள்ளியூர் வாசகர்

பதில்: தம்பி, எட்டுல ஒரு குதிரை கடைசி நேரத்துல விலகியிருக்கும், ஏழுதான் ஓடியிருக்கும், வேற காரணம் இருக்க வாய்ப்பு கம்மி.

எத்தனை இடம்ங்கிறது எத்தனை குதிரை உண்மைல ஓடுதுங்கிறதைப் பொறுத்தது. நாலோ அதுக்குக் குறைச்சலோ ஓடுனா பிளேஸே கிடையாது, வின் மட்டும்தான். அஞ்சுல இருந்து ஏழு வரை ரெண்டு இடம், கால் பங்கு. எட்டும் அதுக்கு மேலயும்னா மூணு இடம், அஞ்சுல ஒண்ணு. ஹேண்டிகேப்னு ஒரு வகை ரேஸ் இருக்கு, நல்லா ஓடுத குதிரைக்கு எடை கூட்டி, சுமாரா ஓடுததுக்கு எடை குறைச்சு, எல்லாத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டு வருத ரேஸ். அதுல 12ல இருந்து 15 வரை ஓடுனா மூணு இடம் கால் பங்கு, 16ம் அதுக்கு மேலயும்னா நாலு இடம் கால் பங்கு. இதுதான் அங்க பொதுவான வழக்கம்.

நீ பாத்த எட்டு, விளிம்புல நிக்குத எட்டு. ஒண்ணு குறைஞ்சா மூணாவது இடமே காணாமப் போயிரும், அன்னைக்கு உன் குதிரை மேல தப்பே இல்லாம துட்டு போயிரும். அந்த பயம் வேண்டாம்னு நினைக்குதவங்க ஒம்போது பத்து ஓடுத ரேஸா பாப்பாங்க.

இன்னொண்ணும் சொல்லுதேன், உன் குதிரை ரெண்டாவது வந்திருந்தாலும் நினைச்ச துட்டு முழுசா வராமப் போயிருக்கலாம். விலகுன குதிரை நல்ல குதிரையா இருந்தா மீதி குதிரைக்கு ஜெயிக்கிறது லேசாகிருதுல்லா, அதுக்காக லாபத்துல ஒரு பங்கை வெட்டுவாங்க, ரூல் ஃபோர்னு பேரு. விலகுனது 2/1 விலைல இருந்த குதிரைன்னா பவுண்டுக்கு 30 பென்ஸ் வெட்டு (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு), ஈவன்ஸ்ல, அதாவது ஒண்ணுக்கு ஒண்ணு விலைல இருந்ததுன்னா 45 பென்ஸ், 14/1க்கு மேல உள்ள குதிரை விலகுனா வெட்டே கிடையாது. வெட்டு லாபத்துல மட்டும்தான், போட்ட துட்டுல கை வைக்க மாட்டாங்க. நீ 8/1ல 10 ஈச் வே போட்டு, 2/1 குதிரை விலகி, ஏழு ஓடி, நீ ரெண்டாவது வந்தேன்னா: கால் பங்குல பிளேஸ் விலை 2, லாபம் 20, அதுல 6 வெட்டு போக 14, போட்ட 10 சேத்து 24. செலவு 20, மிச்சம் 4. நியாயமான்னு கேட்டா, எழுதி வச்ச ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆனா கஸ்டமர் கேர்ல இருக்குத ஆளு இதை அஞ்சு நிமிசம் பொறுமையா சொல்லியிருக்கலாம், அந்தக் கோவம் எனக்கும் உண்டு.

கேள்வி: 70கள்ல மெட்ராஸ்ல வேலை பாக்கும்போது லீவு நாள்ல கிண்டிக்குப் போவேன். வின் டிக்கெட், பிளேஸ் டிக்கெட்னு தனித்தனியா வாங்குவோம். ரெண்டையும் வாங்குனா அதுதானே ஈச் வே?
– டவுண், 78 வயசுப் பெரியவர்

பதில்: கிட்டத்தட்ட அதுதான் தாத்தா, ஆனா ஒரு வித்தியாசம். நீங்க வாங்குனது டோட்டு. எல்லாரும் கட்டுன துட்டை ஒரு குடத்துல போட்டு, கிளப்புக்கும் வரிக்கும் எடுத்தது போக மீதியை ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கது. பிளேஸுக்குத் தனிக் குடம். அதனால ரேஸ் முடிஞ்சு போர்டுல போடுத வரைக்கும் எவ்வளவு வரும்னு யாருக்கும் தெரியாது, முன்கூட்டி கணக்கு போட வழியில்ல. ஈச் வேல பிளேஸ் விலை வின் விலையோட கட்டிப்போட்ட பங்கு, அதான் முன்னாலேயே பேப்பர்ல போட்டுப் பாக்க முடியுது. குதிரைப் பந்தயம் திறமை சேந்த ஆட்டம்னு 1996-ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிச்சு, நீங்க போன அந்த கிண்டி மைதானத்து நிலத்தை 2024-ல அரசாங்கம் திரும்ப எடுத்துக்கிட்டு.

கேள்வி: அண்ணே, நான் பீடி சுத்தி பிழைக்குதேன். வீட்டுக்காரர் இல்ல. ஒரே பையன், 24 வயசு. எட்டு மாசமா போனில ஏதோ வெளிநாட்டு குதிரை ஆட்டம் ஆடுதான். கேட்டா "இது ஈச் வேம்மா, சேஃப், மூணாவது வந்தாக்கூட துட்டு வரும், நஷ்டமே வராது"ன்னு சொல்லுதான். நெசமாவே அப்பப்ப துட்டு வருது, போனை காட்டுதான். ஆனா என் கம்மல் அடகுல இருக்கு, சங்கத்துல எடுத்த லோன் கட்டல. வருத துட்டு எங்கதான் போவுதுன்னு எனக்கு விளங்கல. உங்க பத்திரிகைல இந்தப் பேரைப் பாத்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைய எழுதச் சொன்னேன்.
– முக்கூடல் வாசகி

பதில்: தங்கச்சி, உன் கடுதாசிக்காகத்தான் இந்த இதழையே மாத்துனேன். வருத துட்டு எங்க போவுதுன்னு நீ கேட்டது சரியான கேள்வி, எங்க பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் கணக்கு எடுத்தும் இவ்வளவு நேரா ஒரு பிள்ளை கேட்டதில்ல. பதிலை உன் பையனுக்கும் படிச்சுக் காட்டு.

எட்டு குதிரை ஓடுது, எட்டுக்கும் ஒரே பலம்னு வச்சுக்குவோம். நெசத்துல அப்படி இருக்காது, ஆனா கணக்கு புரியுததுக்கு இது போதும். எட்டுல ஒரு தடவைதான் நம்ம குதிரை முதல்ல வரும், அப்ப நியாயமான விலை ஒண்ணுக்கு ஏழு. விக்குதவன் நியாய விலைக்கு விக்க மாட்டான், அவனுக்கு கடை நடக்கணும், ஒண்ணுக்கு ஆறுன்னு குடுப்பான். உன் பையன் ஒவ்வொரு ரேஸுக்கும் 100 ரூவா ஈச் வே போடுதான், அதாவது 200 போவுது. எட்டு ரேஸுக்கு 1,600.

இப்ப வரவு. எட்டுல ஒரு தடவை முதல்ல வருது: வின்னுக்கு 700, பிளேஸுக்கு ஆறை அஞ்சால வகுத்து 1.2, அதனால 220, ஆக 920. இன்னொரு தடவை ரெண்டாவது, 220. இன்னொரு தடவை மூணாவது, 220. மீதி அஞ்சு தடவை ஒண்ணும் இல்ல. மொத்தம் 1,360. 1,600 போயி 1,360 வந்திருக்கு, 240 ரூவா காணோம். நூத்துக்கு பதினஞ்சு. அந்த நாள்ல அவன் போன் மூணு தடவை "துட்டு வந்தது"ன்னு சத்தம் குடுத்திருக்கும், அந்த மூணு தடவையும் உன்கிட்ட ஓடி வந்து காட்டியிருப்பான், சத்தம் குடுக்காத அஞ்சு தடவையை அவனும் உன்கிட்ட சொல்லல, தன்கிட்டயும் சொல்லிக்கிடல. இதுதான் தங்கச்சி ஈச் வேல இருக்குத பெரிய ஆபத்து. வெறும் வின்னுல கட்டுனா எட்டுல ஏழு தடவை வெறுங்கைதான், மனுசனுக்கு சீக்கிரம் அலுத்துரும். இதுல அப்பப்ப கொஞ்சம் வந்துக்கிட்டே இருக்கதால தோக்குதது தெரியாமலே தோத்துக்கிட்டு இருப்பான்.

இந்த பிளேஸ் பாதிதான் சேஃப்னு அவன் நினைக்கான்லா, அதைத் தனியா எடுத்துப் பாரு. எட்டு ரேஸுக்கு பிளேஸுக்குப் போனது 800, வந்தது மூணு 220, ஆக 660. 140 நஷ்டம். வின் பாதில போனது 800, வந்தது 700, நஷ்டம் 100தான். சேஃப்னு நம்புன பாதிலதான் கூட போயிருக்கு. எல்லா ரேஸுலயும் இப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன், 16 குதிரை ஓடுத ஹேண்டிகேப்ல நாலு இடம் கால் பங்குன்னா, ஒண்ணுக்குப் பன்னெண்டு விலை கிடைச்சாக்கூட பிளேஸ் பாதி சரிக்குச் சரியா நிக்கும், கணக்கு தெரிஞ்சவன் அதைத்தான் தேடுவான். உன் பையன் அதைத் தேடிக் கட்டுதான்னு எனக்குத் தோணல, கையில கிடைச்ச ரேஸுக்கெல்லாம் கட்டுதவனுக்குத்தான் கம்மல் அடகுக்குப் போகும்.

ஒரு காரியம் செய். ஒரு நோட்டு வாங்கு, நடுவுல கோடு போடு, ஒரு பக்கம் போனது, ஒரு பக்கம் வந்தது. பேங்க் ஸ்டேட்மெண்டை எட்டு மாசத்துக்கு எடுத்து அவனையே எழுதச் சொல்லு, நீ பக்கத்துல உக்காந்துக்கோ. திட்டாத. ஏசுனா போனைத் தூக்கிட்டு வெளிய போயிருவான். அவனே கூட்டிப் பாக்கட்டும், அந்த ரெண்டு கூட்டுத்தொகையை விட பலமா நீயோ நானோ எதுவும் சொல்லிற முடியாது.

சட்டமும் தெரிஞ்சுக்கோ. நம்ம தமிழ்நாட்டுல துட்டு வச்சு ஆன்லைன்ல சூதாடுததுக்கு 2022 சட்டப்படி தடை, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு, ஆடுதவங்களுக்கே மூணு மாசம் வரை ஜெயில் இல்லன்னா 5,000 ரூவா வரை அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். 2025 ஆகஸ்ட்ல டெல்லிலயும் துட்டு கட்டி ஆடுத ஆன்லைன் ஆட்டத்துக்கு எதிரா சட்டம் நிறைவேத்திட்டாங்க. இங்கிலாந்துல இருக்குதவனுக்கு கடையும் உண்டு, கேக்க ஆளும் உண்டு, கிரெடிட் கார்டுல கட்டக்கூடாதுன்னு 2020ல இருந்து தடை உண்டு, கேம்ஸ்டாப்னு ஒரு ஏற்பாட்டுல பேரைக் குடுத்தா லைசென்ஸ் உள்ள எந்த ஆன்லைன் கம்பெனியும் அவனை உள்ள விடாது. உன் பையன் ஆடுத ஆப்புக்கு இங்க அப்படி எந்த வேலியும் கிடையாது. அந்த ஆப்புக்காரங்க துட்டைத் திருப்பிக் குடுக்காம ஏமாத்துனாங்கன்னா 1930க்கு ஃபோன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் குடு. அவனால நிறுத்த முடியலன்னு சொன்னா 14416க்குக் கூப்பிடு, டெலி மானஸ்னு அரசாங்கத்து மனநல உதவி, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போற மாதிரிதான். இனிமே அவன் கடனை அடைக்க எதையும் அடகு வைக்காத தங்கச்சி, முதல்ல அந்த நோட்டு முடியட்டும். முடிஞ்சதும் எனக்கு எழுது, வட்டியோட கம்மலை எப்படி மீக்குததுன்னு நானே கணக்கு போட்டுத் தாரேன்.

கேள்வி: கேரளா லாட்டரில ஆறுதல் பரிசுன்னு இருக்குல்லா, அது மாதிரிதானே இந்த பிளேஸ்?
– செங்கோட்டை வாசகர்

பதில்: இல்ல அண்ணாச்சி. ஆறுதல் பரிசுக்கு நீங்க தனியா துட்டு கட்டல, அதே டிக்கெட்டுல அடங்கிருது. பிளேஸுக்கு நீங்க தனியா பாதி துட்டு கட்டியிருக்கீங்க, அதனால அது ஆறுதலே இல்ல, விலைக்கு வாங்குனது. நம்ம பக்கம் லாட்டரி 2003ல இருந்து தடைங்கிறதும் ஞாபகத்துல இருக்கட்டும்.

கேள்வி: என் சித்தப்பா மவன் லண்டன்ல இருந்து ஒரு சீட்டு ஃபோட்டோ அனுப்பி, ரெண்டு குதிரை சேத்து ஈச் வே டபுள் 5 பவுண்டு, ஒண்ணு 4/1 இன்னொண்ணு 6/1, முதல் குதிரை ஜெயிச்சிட்டு, ரெண்டாவது குதிரை மூணாவது இடம் வந்துட்டு, ரெண்டுக்கும் அஞ்சுல ஒண்ணு, எவ்வளவு வரும்னு கேக்கான். வீட்டுல பெட்டு கட்டி நிக்குதோம் நூறு வரும் இருநூறு வரும்னு.
– நாங்குநேரி வாசகர்

பதில்: 19 பவுண்டு 80 பென்ஸ் வரும். டபுள்னாலும் ரெண்டு தனி பந்தயம்தான், ரெண்டு குதிரையும் ஜெயிக்கணும்னு ஒண்ணு, ரெண்டும் இடம் பிடிக்கணும்னு ஒண்ணு, செலவு பத்து பவுண்டு. ரெண்டாவது குதிரை ஜெயிக்காததால வின் டபுள் முழுசா செத்துப் போச்சு, முதல் குதிரை ஜெயிச்சதுக்கு அங்க மரியாதையே கிடையாது. பிளேஸ் டபுள்ல முதல் குதிரை விலை 0.8, ஒண்ணு சேத்து 1.8, ரெண்டாவது 1.2, ஒண்ணு சேத்து 2.2, ரெண்டையும் பெருக்கு 3.96, அஞ்சால பெருக்கு 19.80. ரெண்டும் ஜெயிச்சிருந்தா வின் டபுள்ல அஞ்சு பெருக்கல் அஞ்சு பெருக்கல் ஏழு, 175, அதுகூட இதுவும் சேந்து 194.80 வந்திருக்கும், வீட்டுல இருநூறு சொன்னவங்க அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்காங்க.

கேள்வி: ரெண்டு குதிரை ஒரே நேரத்துல மூணாவதா வந்தா யாருக்குத் துட்டு?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: ரெண்டு பேருக்கும் உண்டு, பாதிப் பாதி. ஆனா பாதியாகுதது விலை இல்ல, நீங்க போட்ட துட்டு. 8/1ல 10 பவுண்டு ஈச் வே, எட்டு குதிரை, அஞ்சுல ஒண்ணுன்னா பிளேஸ் விலை 1.6. பிளேஸுக்குப் போட்ட பத்துல அஞ்சு தோத்ததா எழுதிருவாங்க, மீதி அஞ்சுக்குத்தான் விலை: 8 லாபம், 5 திரும்ப, 13. இடம் பிடிச்ச குதிரைதான், விலையும் நான் மேல சொன்ன 5/1 கோட்டுக்கு நல்லா மேலதான் இருக்கு, இருந்தாலும் 20 போயி 13 வந்திருக்கு.